இசக்கிமணி கட்டிங்

தென்காசியில் எங்கள் அலுவலகத்தின் பெயர் இந்தக் கதைக்கு அவசியமில்லை. மனுக்களை வாங்கி, எண் போட்டு, வேறு அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கும் உன்னதப் பணியைப் பன்னிரண்டு பேர் செய்துவருகிறோம். போன வருஷம் குற்றாலத்தில் சீசன் தொடங்கிய வாரத்தில், வாசல் சுவரில் முகம் பார்த்து வருகை பதியும் கருவியை மாட்டினார்கள். ஊழியர்கள் அருவியில் குளித்துவிட்டுப் பதினொன்றரைக்கு ஈரத்தலையோடு வருகிறார்கள் என்று எவனோ மனு போட்டிருந்தான். அந்த மனுவுக்கும் நாங்கள்தான் எண் போட்டோம்.

கருவி பதினோரு பேரை ஏற்றுக்கொண்டது. தபால் பிரிவு இசக்கிமணியை மட்டும், முகம் பொருந்தவில்லை என்று தள்ளிவிட்டது. அதற்குக் கொடுத்திருந்த படம் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்தது. அதில் நெற்றியை மறைத்துக்கொண்டு சுருட்டை முடி. இப்போது நெற்றி பின்னால் போய்ப் பிடரியை விசாரித்துக்கொண்டிருந்தது.

கண்காணிப்பாளர் நமசிவாயம் விதிப்படி நடப்பவர். இசக்கிமணியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நீரு வந்திருக்கது எனக்குத் தெரியுது வே. ஆனா நீரு வரலை."

"சார், உங்க முன்னாலதான நிக்கேன்."

"நிக்கத எங்கன பதிய? மிஷின்ல வரணும்லா."

தொண்ணூறு நாள் தொடர்ந்து வராதவர் வேலையை விட்டுப் போனவராகக் கருதப்படுவார் என்பது விதி. இசக்கிமணி தினமும் பத்து மணிக்கு வந்து, தபாலெல்லாம் பதிந்து, ஆறு மணிக்கு வராமல் போனார். அவர் வராததற்கு விளக்கம் கேட்கும் குறிப்பாணையை அவரே எழுதி, அவரே எண் போட்டார். கையில் வாங்கிக்கொள்ள மட்டும் அனுமதி இல்லை. வராதவரிடம் எப்படிக் கொடுப்பது? இலத்தூரில் இருந்த அவர் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் போனது.

படத்தை மாற்ற வழி இருந்தது. தோற்ற மாற்றத்துக்கான காரணத்தைச் சான்றோடு எழுதித்தர வேண்டும். இசக்கிமணி மேலகரத்தில் தோல் டாக்டர் ஷிஃபாவைப் பார்த்தார். அந்த அம்மா தலையைச் சோதித்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, சத்துக் குறைவு, தைராய்டு, கடுங்காய்ச்சல் என்று முடி கொட்டப் பல காரணம் உண்டு, உங்களுக்கு அதெல்லாம் இல்லை, பரம்பரை என்றார். வேர் செத்த இடத்தில் பின்தலை முடியை எடுத்துத்தான் நட வேண்டும். உங்களுக்கு வேர் மெலிந்துதான் கிடக்கிறது, தினமும் மருந்து தடவினால் ஆறு மாதத்தில் பலன் தெரியலாம், விட்டால் மறுபடி கொட்டும் என்றார். அருவிக்கரையில் வாங்கிய நாற்பத்திரண்டு மூலிகை எண்ணெயை என்ன செய்ய என்று கேட்டதற்கு, சைக்கிள் செயினுக்குப் போடலாம் என்றார். ஒரு கேள்விக்கு ஒரே நடையில் பதில் கிடைத்ததில் இசக்கிமணிக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

பரம்பரை என்றால் தகப்பனார் வழுக்கைக்கு ஆதாரம் வேண்டும் என்றார் நமசிவாயம். ஓய்வுபெற்ற ஏட்டான தகப்பனார் சுடலையாண்டி இலத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, மேஜைக்கு முன்னால் தலையைக் குனிந்து காட்டினார். வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் தலையை ஆவணமாக ஏற்க இடமில்லை, போட்டோ வேண்டும் என்றார்கள். ஏட்டையாவின் போட்டோ அத்தனையிலும், கல்யாணப் போட்டோ உட்பட, போலீஸ் தொப்பி இருந்தது.

"அப்படியே நிரூபிச்சாலும் வம்புதான்," என்றார் நமசிவாயம் அன்பாக. "இந்த வியாதி இருக்கத வேலைக்குச் சேரும்போதே ஏன் மறைச்சீருன்னு கேப்பாங்க."

வேறு காரணம் தேடினோம். தண்ணீர் என்று எழுதினால் தண்ணீர் விடுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஹெல்மெட் என்று எழுதினால் போலீஸ் கோபித்துக்கொள்ளும், தகப்பனாரே போலீஸ். மனக்கவலை என்று எழுதலாம். கவலைக்குக் காரணமான மேலதிகாரி பெயரையும் எழுத வேண்டும். நமசிவாயம் பேனாவை வாங்கி மூடி வைத்துவிட்டார். கடைசியில் 'காரணம்: உதிர்ந்தது' என்று எழுதி மேலே அனுப்பினோம்.

எண்பத்தெட்டாம் நாள் ஆணை வந்தது. நான் சத்தமாக வாசித்தேன். மனுதாரரின் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. முடி எல்லோருக்கும் ஒருநாள் உதிரக்கூடியதாகையால், ஒவ்வொருவராக மனு செய்வதைத் தவிர்க்கும் பொருட்டு, ஊழியர் அனைவரும் உதிர்ந்த நிலையிலேயே புதிதாகப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். திரு. இசக்கிமணியின் தலை மாதிரியாகக் கொள்ளப்படும். மகளிருக்கு விலக்கு உண்டு; அவர்கள் தலையில் துண்டு கட்டியிருந்தால் போதும்.

எங்களில் ஒரே மகளிரான சுகந்தி அன்றிலிருந்து தலைக்குக் குளித்தவள் போலவே வேலைக்கு வருகிறாள். மற்றப் பத்துப் பேரும் குற்றாலிங்கம் சலூனுக்குப் போய், நெற்றி முதல் உச்சி வரை வழித்து, காதோரம் மட்டும் விட்டுக்கொண்டோம். புதுப் படம் ஏற்றியதும் இசக்கிமணி முகம் பொருந்தியது. அன்றைக்கு அவர் அழுதார், நானும் அழுதேன். எனக்கு இருந்தது நல்ல முடி.

வாரம் ஒருமுறை வழிக்க வேண்டியிருந்தது. பத்து ஆபீசர்கள் ஒரே தினுசுத் தலையோடு பஜாரில் நடப்பதைப் பார்த்த காலேஜ் பையன்கள், இதுதான் இப்போது ஸ்டைல் போலிருக்கிறது என்று முடிவுகட்டினார்கள். மாப்பிள்ளைகள் வழித்துக்கொண்டார்கள். சலூன் கண்ணாடியில் 'இசக்கிமணி கட்டிங் இங்கு செய்யப்படும்' என்று போர்டு தொங்கியது.

இசக்கிமணி மட்டும் டாக்டர் சொன்னதை மறக்காமல் மருந்து தடவிக்கொண்டிருந்தார். ஆறு மாதம் போயிற்று. எல்லோருக்கும் இவ்வளவு பலன் இருக்காது, உங்களுக்கு நேரம் நல்லாயிருக்கு என்றார் டாக்டர். ஒரு திங்கட்கிழமை இசக்கிமணி சீப்பால் படிய வாரி, நெற்றியில் ஒரு சுருளை விட்டுக்கொண்டு, சிரித்தபடி கருவிக்கு முன்னால் நின்றார்.

முகம் பொருந்தவில்லை.

நாங்கள் பத்துப் பேரும் அவரைச் சுற்றி நின்றோம். எல்லோர் தோளிலும் இருந்தது அவருடைய பழைய தலை. அவருக்காகப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ ஆத்திரம்தான் வந்தது.

"உம்ம தலைக்காக ஆபீஸே வழிச்சுக்கிட்டுத் திரியுது," என்றேன். "நீரு மட்டும் முடி வச்சுக்கிட்டு வந்தா என்னவே நியாயம்?"

நமசிவாயம் தோற்ற மாற்றப் படிவத்தை நீட்டினார். காரணம் என்ற இடத்தைப் பார்த்ததும் இசக்கிமணி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நேரே சலூனுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன், எனக்கும் வழிக்கும் நாள். குற்றாலிங்கத்துக்கு அந்த முடியோடு அவரை அடையாளம் தெரியவில்லை.

"என்னைய மாதிரி வெட்டணும்," என்றார் இசக்கிமணி.

குற்றாலிங்கம் போர்டைக் கையால் காட்டினார்.

"இசக்கிமணி கட்டிங்தான சார்? அங்கன உக்காருங்க. உங்களுக்கு முன்னால அஞ்சு பேரு இருக்காவ."