தினம் மாறும் கைரேகை

மதிப்பிற்குரிய ஹரி அத்தானுக்கு, சரவணகுமார் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே காரைக்குடியில் எல்லோரும் நலம். பிள்ளையார்பட்டி கோயிலுக்கென்று வந்து எங்களோடு தங்கியிருக்கும் நிவேதா அக்காவும் நலம். உங்கள் நலத்தைப் பிறகு கேட்கிறேன். போனில் பேசாமல் தாளில் எழுதுகிறேன். சந்தேகமே போன் மேல்தான்.

நீங்கள் கொடுத்துவிட்ட பழைய போனில் அப்பா பேசுகிறார். பகலில் அதைக் கேபிளால் என் கணினியில் மாட்டி, எங்கள் கம்பெனி செயலியில் எங்கே கோளாறு என்று நான் பார்க்கிறேன். என் வேலை முழுக்க ஒரு கன்டெய்னருக்குள். கணினிக்குள் தடுத்த தனி அறை மாதிரி. மாலையில் அழித்துவிடுவேன், காலையில் புதிதாக எழுப்புவேன். சுத்தமாக இருக்கும். மாட்டியதும் போன் கேட்கும்: இந்தக் கணினியை அனுமதிக்கலாமா? கீழே, கணினியின் கைரேகை என்று ஒரு நீண்ட எண்வரிசை. 'எப்போதும்' என்று டிக் போட்டோம். மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். அப்பா தச்சர், எந்த அளவையும் பென்சிலால் குறிக்காமல் விடமாட்டார். எண்களை ஒரு தேக்குச் சட்டத்தில் குறித்தார். மூன்று நாள், மூன்று எண்.

"தெனம் ஒருத்தன் வாரான்டா. நேத்து வந்தவன் இன்னிக்கு இல்ல."

"ஒரே கம்ப்யூட்டர்தாம்ப்பா."

"அப்ப ரேகை ஏன் மாறுது? மாப்பிள்ளை குடுத்த போனு. அவுகதேன் அங்குட்டு இருந்து ஆள் விட்டுப் பாக்குறாக."

சிரித்தேன். பிறகு யோசித்தேன். பழைய குடையைக்கூடக் கொடுக்காதவர் நீங்கள். போனை ஏன் கொடுத்தீர்கள்?

இப்போது அப்பா தினமும் 'அனுமதிக்காதே' என்று அழுத்துகிறார். வெள்ளிக்கிழமை வீடியோவில் மேனேஜர் முன்னால் செயலியை ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. விவரம் தெரியாமல் அக்காவை அனுப்பப்போவதில்லை என்றும் அப்பா சொல்லிவிட்டார். அக்கா, "நல்லதாப் போச்சு, பத்து நாள் தூங்குறேன்" என்றாள்.

உண்மையைச் சொல்லும் தைரியத்தைக் கற்பக விநாயகர் உங்களுக்குத் தருவாராக.

இப்படிக்கு,
சரவணகுமார்

பி.கு.: உறையில் போடும் முன் அக்கா படித்துவிட்டாள். அவளும் இதே வேலை பார்ப்பவள்தானே. "போன் காட்டுற ரேகை, ஒன் கம்ப்யூட்டர் தன்னை யாருன்னு காட்டுற சாவியோட ரேகைடா. அந்தச் சாவியும் கன்டெய்னருக்குள்ளதான கெடக்கு? சாயங்காலம் அதையும் சேத்து அழிச்சிர்ற. காலைல புதுச் சாவியோட நீயே போய் நிக்கிற. யாருன்னு கேக்காம என்ன செய்யும்?"

தினமும் வந்த அந்நியன் நான்தான். மேலே எழுதியதை மன்னிக்கவும். கிழிக்கப் போனேன், அக்கா விடவில்லை.

சாவியைக் கன்டெய்னருக்கு வெளியே வைத்தேன். புதன்கிழமையிலிருந்து போன் எதுவும் கேட்பதில்லை. அப்பா இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்காமயே விடுது பாரு. ஆளு உள்ளயே தங்கிட்டான்டா." வெள்ளிக்கிழமை மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா கேபிளைப் பிடுங்கிவிட்டார். எனக்கு இன்னும் ஒரு வாரம் தந்திருக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தோடு அக்கா ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அவள் பையில் அப்பா போனை வைத்துவிட்டார். உங்கள் ஆளை உங்களிடமே அனுப்புகிறாராம். தயவுசெய்து அவனை வெள்ளிக்குள் திருப்பி அனுப்பவும்.