தாடை சொல்பேச்சு கேட்காத காலை

காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் ஜெனிக்கு அன்று பயாலஜி முழு ஆண்டுத் தேர்வு. இரவெல்லாம் தூங்காதது நான்தான். "தசை எத்தனை வகை? சொல்லு" என்று கேட்டுவிட்டு ஒரு கொட்டாவி விட்டேன். திறந்த வாய் மூடவில்லை. (இதை எழுதும்போதும் ஒரு கை தாடையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.)

"விளையாடாதம்மா, மூடு!"

மூட முடிந்தால்தானே! மாதாவே என்று கூப்பிடக்கூட உதடு சேர வேண்டும். "ஆ... ஆ..." என்றேன்.

பெண் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ என் காதோரம் தடவிப் பார்த்தாள். "தாடை முன்னாடி நழுவிடுச்சு. தசை இறுகிப் பிடிச்சிருக்கு. நீ பதறினா இன்னும் இறுகும்."

கணவர் வெளியூரில். பெசன்ட் நகரிலிருந்து மந்தைவெளி பல் டாக்டரிடம் ஆட்டோவில் போனோம்.

"இன்னாமா, அம்மா வாயத் தொறந்துகினே கீறாங்க?" என்றார் ஓட்டுநர்.

"மாட்டிக்கிச்சுண்ணா. பள்ளம் பாத்துப் போங்க."

என் பேச்சைக் கேட்க வேண்டிய தாடைத் தசை வேலைநிறுத்தத்தில் இருந்தது. நான் கேட்காமலே குடல் தசைகள் ராத்திரி தின்ற தோசையைக் கடமுடவென்று தள்ளிக்கொண்டிருந்தன. நான் பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட லீவு போடாத இதயத் தசை அன்று ஓவர்டைம் பார்த்தது. இத்தனை பேர் எனக்குள் உழைக்கிறார்கள் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

எட்டரை ஆகியும் டாக்டர் வரவில்லை. மயிலாப்பூர் பள்ளியில் ஒன்பதரைக்குத் தேர்வு. "உன்னை விட்டுட்டுப் போகமாட்டேன்" என்றாள் ஜெனி. டோக்கன் சீட்டின் பின்னால் 'போ' என்று எழுதிக் காட்டினேன். (பேனா, ஹால் டிக்கெட், கேள்வியை இரண்டு முறை படி என்றெல்லாம் எழுத ஆசைதான். சீட்டில் இடமில்லை.) என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு ஓடினாள்.

ஒன்பது மணிக்கு வந்த டாக்டரம்மா, நிமிர்ந்து பார்க்காமலே "வாயை நல்லாத் திறங்க" என்றார். பிறகு பார்த்தார். இரண்டு கட்டைவிரலையும் கடைவாய்ப் பற்கள்மேல் வைத்து அழுத்தினார். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "கடிக்கிற தசைக்குப் பலம் ஜாஸ்தி. கெஞ்சித்தான் இறக்கணும்." க்ளிக்! தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டு, பேசக் கூடாது என்று அனுப்பினார்.

மதியம் ஒன்றேகாலுக்கு ஜெனி வந்தாள். 'எப்படி?' என்று எழுதி நீட்டினேன்.

"சூப்பரா எழுதினேன். ஸ்கூல் வாசல்ல யாரும் 'அது படிச்சியா, இது படிச்சியா'ன்னு கேக்கல."

என் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை கெமிஸ்ட்ரிம்மா. அதுவரைக்கும் இதை அவுத்துடாத."