பெல்மோவின் புதிய சுங்க அதிகாரி

சாவி பாதிதான் உள்ளே போனது. ஃபிட்ஸ்ராய் திருகினார், குலுக்கினார், கதவைத் தோளால் இடித்தும் பார்த்தார். பூட்டு மசியவில்லை. பெல்மோ தீவின் சுங்க அதிகாரியாக அவருக்கு அன்று முதல் நாள். படகுத்துறையில் மீன் விற்கும் மிஸ் வெர்லின் இந்த மல்லுக்கட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஒரு காலி மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, மரத்தடியிலேயே அலுவலகத்தைத் தொடங்கினார் ஃபிட்ஸ்ராய்.

முதலில் வந்தது ஒரு பாய்மரப் படகு. அதைத் தனியாக ஓட்டி வந்த ஸ்வீடன்காரர் யோரான் பாஸ்போர்ட்டை நீட்டினார்.

“சாந்த்லூல ஒரு ராத்திரி தங்கிட்டு நாளைக்கு பெல்மோ போறேன். என் மனைவி நண்பர்களோட படகுல முன்னாலயே அங்க போயிட்டா.”

“சார், நீங்க நிக்கிறதே பெல்மோதான்.”

யோரான் வரைபடத்தை விரித்தார். “இதுல சாந்த்லூன்னுல்ல போட்டிருக்கு?”

“வரைபடம் போட்டவன் எதையாவது போடுவான். அரசாங்கம் என்னை பெல்மோவுக்குத்தான் போட்டிருக்கு.”

வரைபடத்தில் சாந்த்லூவை அடித்துவிட்டு, மேலே பெல்மோ என்று எழுதி, பாஸ்போர்ட்டில் முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

யோரானின் முகம் மலர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஓர் இடத்துக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்தது இதுதான் முதல் முறை. கையிலிருந்த ரேடியோவில் மனைவியைக் கூப்பிட்டார்.

“பிரிட்டா, பெல்மோ வந்துட்டேன். படகுத்துறைல நிக்கிறேன்.”

“நானும் படகுத்துறைலதான் நிக்கிறேன். உங்களைக் காணோமே.”

யோரான் சுற்றிலும் பார்த்தார். மிஸ் வெர்லினும் சில ஆடுகளும்தான் தெரிந்தார்கள். “கையை ஆட்டு.”

“ஆட்டிட்டுத்தான் இருக்கேன். ஊரே என்னைப் பாக்குது.”

ஃபிட்ஸ்ராய் தலையை ஆட்டினார். “இங்க ஒரே படகுத்துறைதான். அம்மா வேற தீவுல இறங்கிட்டாங்க. அங்க சுங்க ஆபீஸ் இருக்கான்னு கேளுங்க.”

“இருக்கு, பூட்டிக் கிடக்கு. புது ஆபீஸர் இன்னும் வரலையாம்,” என்றாள் பிரிட்டா.

“அந்தப் புது ஆபீஸர் நான்தான். நான் இங்க இருக்கேன். அப்புறம் அது எப்படி பெல்மோ ஆகும்?”

இதை மறுக்க யோரானால் முடியவில்லை. அப்படியே மனைவியிடம் சொன்னார்.

“தேன்நிலவுலயும் நான்தான் தப்பான ரயில்ல ஏறிட்டேன்னு சாதிச்சீங்க,” என்றாள் பிரிட்டா. “போதும். நான் விமானத்துலயே ஊருக்குப் போறேன்.”

ஒரு குடும்பம் உடைவதைப் பொறுக்காமல் ஃபிட்ஸ்ராய் ரேடியோவை வாங்கினார். “அம்மா, கோவப்படாதீங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அங்க இருக்கிற பெயர்ப்பலகையைப் படிங்க.”

“பலகையை நான் படிச்சிட்டேன்,” என்றது ஓர் ஆண் குரல்.

ஃபிட்ஸ்ராயின் முதுகு தானாக நிமிர்ந்தது. அது, முதல் நாள் வேலையைப் பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்த அவருடைய மேலதிகாரி லெனார்டின் குரல்.

“பெல்மோன்னுதான் எழுதியிருக்கு. நீ எங்கய்யா இருக்க?”

“பெல்மோலதான் சார்.”

“அப்ப நான் எங்க இருக்கேன்?”

மேலதிகாரியின் கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி ஃபிட்ஸ்ராய்க்குப் பழக்கமில்லை. ரேடியோவைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

“மிஸ் வெர்லின், நீங்களே சொல்லுங்க. இது எந்தத் தீவு?”

மிஸ் வெர்லின் மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் செதில் சீவியபடியே சொன்னார்: “சாந்த்லூ, ஆபீஸர். பெல்மோ அடுத்த நிறுத்தம். காலையில படகு நின்னதும் வாந்தி எடுக்க இறங்கி ஓடியாந்தீங்களே, ஏன் திரும்பி ஏறலைன்னுதான் நானும் அப்ப இருந்து யோசிச்சிட்டிருக்கேன்.”