எங்கள் ஹாலில் நடந்த பன்றி வேட்டை

மைசூரில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அரண்மனை ஏதோ நம் குடும்பத்துப் பாகப்பிரிவினையில் கைநழுவிப் போன சொத்து என்பது போல ஒரு நினைப்பு. வெளியூர் விருந்தாளியைக் கூட்டிப் போனால், "இந்தத் தூணைப் பாருங்கோ, இந்தக் கண்ணாடிக் கூரையைப் பாருங்கோ" என்று நாமே மேஸ்திரி வைத்துக் கட்டியதைப் போல் பேசுவோம். எனக்கு இந்த வியாதி கொஞ்சம் முற்றிய நிலை. அழகுணர்ச்சி எனக்குப் பிறவியிலேயே வந்தது என்று முப்பத்தொரு வயது வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். (இப்போதும் நம்புகிறேன். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.)

தம்பி சம்பத்துக்குப் பெண் பார்த்த வருஷம் அது. பெண் பெயர் சௌம்யா. அவளுடைய அப்பா மேல்கோட்டையில் சம்ஸ்கிருத வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகம் பொருந்தி, இருவரும் இரண்டு முறை வெளியே போய்க் காபி குடித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு சம்பத் தனியாக இருக்கும்போதும் சிரிக்க ஆரம்பித்திருந்தான். பதினோரு இடம் தட்டிப் போன பிறகு வந்த சிரிப்பு அது. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: பெண் வீட்டார் வந்து வீடு பார்ப்பது. எங்கள் பக்கத்தில் இது பெரிய பரீட்சை. அடுப்பு, குழாய், கொல்லை, மாமியாரின் முகம் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் சரி என்பார்கள்.

அம்மாவும் சம்பத்தும் விஜயநகரில் புதிதாக வாங்கிய ஃபிளாட்டில் இருந்தார்கள். கல்யாணமாகி நான்கு தெரு தள்ளி நான். அம்மாவுக்கு வீட்டைப் பற்றி ஒரே கவலை.

"அவா ஆம் ரெண்டு கட்டு ஆம்டீ. நம்ம ஹாலைப் பார்த்தா தீப்பெட்டின்னு நெனச்சுப்பா."

"நீ சும்னே இரும்மா. ஹாலை எங்கிட்ட விடு. அரண்மனை பண்ணிக் காட்டறேன்."

சுவர்த்தாள் விற்கும் கடைக்குப் போனேன். ஐரோப்பாவின் பழைய கோட்டைகளில் சுவர் நிறையத் தொங்கும் சித்திரத் துணிகளைப் பார்த்து வரைந்தது என்று ஒரு வரிசையைக் காட்டினார்கள். சாம்பிள் என் இரண்டு உள்ளங்கை அகலம் இருந்தது. கரும்பச்சை இலைகள், பாதி வெடித்த மாதுளம்பழம், கிளையில் ஒரு நீலப் பறவை. பார்த்த மாத்திரத்தில் மயங்கிவிட்டேன். கடைக்காரர் நல்ல மனிதர். "மேடம், முழுப் படமும் கம்ப்யூட்டர்ல காட்டட்டா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அவருக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்தேன். கையோடு பால்கனிக் கதவுக்கு மெரூன் வெல்வெட்டில் இரண்டு திரைகளும் தைக்கக் கொடுத்தேன். சரிகைக் கரை, அதில் கேடயம் பிடித்து நிற்கும் சிங்கங்கள்.

சனிக்கிழமை அம்மாவும் சம்பத்தும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பெருமாளைச் சேவிக்கப் போனார்கள். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரர் முருகேஷ் தாள் ஒட்ட வந்தார். கையில் அப்படி ஒரு சுத்தம். முதல் பட்டை ஏறியது: மரம், மாதுளை, பறவை. திருப்தியாகத் திரைகளை வாங்கிவரத் தையல்கடைக்குக் கிளம்பினேன். அங்கே இன்னும் கொக்கி வைக்கவில்லை என்று உட்காரவைத்துவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது மணி நாலு. சுவர் முழுக்க எட்டுப் பட்டைகளும் ஏறியிருந்தன.

"ஏனுங்கக்கா, ஜாயிண்ட்டு தெரியுதுங்களா?" என்றார் முருகேஷ்.

தெரியவில்லை. மற்றதெல்லாம் தெரிந்தது. முதல் பட்டையில் மரம். இரண்டாவதில் குதிரைமேல் சீமாட்டிகள். மூன்றாவதில் இறகுத் தொப்பி வைத்த நாலு பேர் ஒரு காட்டுப்பன்றியை ஈட்டியால் குத்த, மூன்று நாய்கள் அதன் பின்னங்காலைக் கவ்விக்கொண்டிருந்தன. நான்காவதில் அதே பன்றியை இரும்புக் கம்பியில் கோத்து நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது பட்டையிலிருந்து கதை மறுபடியும் முதலிலிருந்து.

"முருகேஷ், இது என்னது?"

"படம் ஜம்முன்னு இருக்குதுங்க. பன்னிதான் பாவம்."

வேறு வீடாக இருந்தால் ரசனை கெட்ட வீடு என்பதோடு போயிருக்கும். வைணவர்களான எங்களுக்கு வராகம் என்றால் பெருமாளின் மூன்றாவது அவதாரம். ஹிரண்யாட்சனைக் கொன்று பூமியையே தூக்கி நிறுத்திய மூர்த்தி. அவரை நான் ஹாலில் இரண்டு முறை குத்தி, இரண்டு முறை சுட்டிருந்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு மேல்கோட்டை வாத்தியார் வருகிறார்.

உரித்துவிடலாமா என்று கேட்டேன்.

"இப்ப உரிச்சா பட்டிப் பூச்சும் சேர்ந்து வந்துருங்க. செவுரு சொறி புடிச்சாப்பல ஆயிரும். நாளைக்குள்ள ஒண்ணும் ஆவாதுங்க."

அம்மா உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்தாள். கோயில் பிரசாதத்தைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். சம்பத் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவன் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆனால் நான் சளைத்தவளா? ஒரு குத்துக் காட்சியின் முன்னால் பீரோவை நகர்த்தினோம். இரண்டு வாட்டுக் காட்சிகளின் மேலும் வெல்வெட் திரைகள். ஜன்னலே இல்லாத சுவரில் இரண்டு திரைக்கம்பிகளை, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், முருகேஷ் அடித்துக் கொடுத்தார். மிச்சம் ஒரு குத்துக் காட்சி. அதை மறைக்க வீட்டில் வேறு சாமான் இல்லாததால் சம்பத்தை நிறுத்துவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்துக்குச் சௌம்யாவின் அப்பாவும் அம்மாவும், எங்களுக்கு மாமாவும் மாமியும், வந்தார்கள். மாமா பஞ்சகச்சம், பளிச்சென்று திருமண். மாமி நேராகக் குழாயைத் திறந்து பார்க்கச் சமையலறைக்குப் போனாள். மாமா சோபாவில் அமர்ந்து சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

"உக்காருங்கோ மாப்பிள்ளை."

"பரவாயில்லை மாமா, நிக்கறேன்."

ஐந்து நிமிஷம் போயிற்று.

"உக்காருங்கோளேன்."

"இருக்கட்டும் மாமா."

"ஆபீஸ்ல உக்காந்துண்டுதானே வேலை?"

"ஆமாம் மாமா."

"அப்போ உக்கார முடியும்?"

சம்பத் என்னைப் பார்த்தான். அவனுக்கு நெற்றியில் வியர்த்திருந்தது. மாமி சமையலறை வாசலிலிருந்து மாமாவைப் பார்த்தாள். மாமா குரலைத் தாழ்த்தி அம்மாவிடம், "வைத்தியர்கிட்ட காட்டினேளோ?" என்று கேட்டார். பன்றிக்குப் பயந்தது போதாதென்று, பையனுக்குச் சொல்லக் கூடாத இடத்தில் வியாதி என்று வேறு சம்பந்தம் போய்விடும் போலிருந்தது.

"உக்காருடா," என்றேன். உட்கார்ந்தான். வராகமூர்த்தி தரிசனம் தந்தார்.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது வராஹம் மாதிரின்னா இருக்கு?"

"ஆமாம் மாமா, வராக அவதாரமேதான்," என்றேன். என் குரலில் துளி நடுக்கமில்லை. "சுத்தி நிக்கறது ஹிரண்யாட்சன் சேனை."

"தொப்பில இறகு சொருகிண்டிருக்காளே?"

"வரைஞ்சவா வெளிதேசத்துக்காரா மாமா. அவாளுக்குத் தெரிஞ்ச மாதிரி வரைஞ்சிருக்கா."

"நாய்?"

"அசுராள்லாம் நாய் வளர்ப்பா மாமா."

முப்பத்தைந்து வருஷம் விடைத்தாள் திருத்திய கண்கள் என் முகத்தில் சற்று நேரம் நின்றன. சரி, தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். மாமா மேல்துண்டால் விசிறிக்கொண்டார்.

"புழுங்கறது. ரெண்டு ஜன்னல் இருக்கு, ஏன் இப்படி மூடி வெச்சிருக்கேள்? காத்து வரட்டும்."

எழுந்தார். "மாமா, நான் திறக்கறேன்" என்று நான் பாய்வதற்குள் திரையை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். காற்று வரவில்லை. கம்பியில் கோத்த பன்றி, கையில் கிண்ணத்தோடு ஒரு சீமாட்டி, எலும்புக்குக் காத்திருக்கும் நாய்.

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அப்போ ஹிரண்யாட்சன் ஜெயிச்சுட்டானா?"

அவமானத்தைவிட, சம்பத் தலை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் என்னை உலுக்கியது. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. அக்காவை நம்பியதைத் தவிர.

"மாமா, இது பெருமாள் இல்லை. வெறும் பன்றி," என்றேன். "முழுப் படத்தைப் பார்க்காம வாங்கினது நான், பொய் சொன்னது நான், இவனை நிக்க வெச்சதும் நான். இவனுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை. என் அகங்காரத்துக்காக இவனை வேண்டாம்னு சொல்லிடாதேங்கோ." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

மாமா திரையைப் பழையபடி மூடினார். "போய்ச் சொல்லி அனுப்பறோம்," என்றார். கேசரிபாத்தைத் தொடவில்லை. 'போய்ச் சொல்லி அனுப்பறோம்' என்பதற்கு எங்களில் என்ன அர்த்தம் என்று பதினோரு தடவை கேட்டவர்களுக்குத் தெரியும்.

இரண்டு நாள் சம்பத் என்னோடு பேசவில்லை. அம்மா பேசினாள். அதற்கு அவளும் பேசாமலிருந்திருக்கலாம். மூன்றாம் நாள் காலை எனக்கு ஒரு போன் வந்தது. சௌம்யா.

"அக்கா, அங்க என்னதான் நடந்தது? அப்பா வந்ததுலேர்ந்து சிரிச்சிண்டே இருக்கா. சந்நிதித் தெரு பூரா சொல்லியாச்சு. நேத்திக்குக் கல்யாணிக் குளத்துல தீர்த்தமாடும்போதுகூட யார்கிட்டயோ சொல்லிண்டிருந்தா."

"என்னன்னும்மா சொல்றா?"

"'எங்க சம்பந்தி ஆத்துல ஒரு சுவர் இருக்கு பாருங்கோ'ன்னுதான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கறா."

சம்பந்தி என்ற அந்த ஒரு சொல் போதும்; போனைக் காதில் வைத்தபடியே தெருவில் ஓடினேன். நான்கு தெருவும் செருப்பில்லாமல் ஓடியது அம்மா வீட்டு வாசலில்தான் தெரிந்தது.

கல்யாணம் நடந்தது. அதற்குள் முருகேஷ் வந்து சுவரை உரித்துப் பட்டி பார்த்து வெள்ளை அடித்துவிட்டார். அந்த வீட்டுக்கு ஒரு மிதியடி வாங்கக்கூட இன்று வரை என்னிடம் யோசனை கேட்பதில்லை. (நஷ்டம் அவர்களுக்குத்தான்.)

மாமாவுக்கோ மேல்கோட்டையில் பெரிய பேர் ஆகிவிட்டது. யார் பெண்ணுக்கு வரன் வந்தாலும் வீடு பார்க்க மாமாவையும் கூட்டிப் போகிறார்கள். திரும்பி வந்ததும், "ஆம் எப்படி?" என்று பெண்ணைப் பெற்றவள் கேட்பாள். அடுப்பு, குழாய் எல்லாம் அப்புறம். மாமா முதலில் செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, சாட்சி சொல்பவரைப் போல் நிதானமாகச் சொல்வார்:

"கவலைப்படாதேங்கோ. ஒவ்வொரு திரையா இழுத்துப் பார்த்துட்டேன். ஜன்னலெல்லாம் ஜன்னல்தான்."