செம்பட்டை முடிக்காரர்

அடையாளம் தெரியாத ஒரு பிணத்தின் தலைமுடியை ஆராய்ந்து, அவன் எந்தப் பக்கத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் என்று தடயவியல் கூடம் கண்டுபிடித்தாலும் பிடித்தது, குடிநீர் அலுவலகத்துக்குப் பித்துப் பிடித்துவிட்டது. செத்தவனுக்கே ஊர் சொல்லும் முடி, இருப்பவர்களுக்குச் சொல்லாதா? இனிமேல் குழாய் இணைப்பு கோருவோர், முடி கொடுத்துத் தாம் உள்ளூர்வாசி என நிரூபிக்கக் கடவர் என்று ஆணை பிறந்தது.

மாடிவீட்டுத் தையல்காரம்மாவும் கொடுத்தாள். கேன் தண்ணீரைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது அவளுக்கு. ஒரு குழாய் வந்தால் போதும்.

முடிவு வந்தது: விண்ணப்பதாரர் தொலைதூர மலைப்பிரதேசத்தவர்.

"மலையை நான் காலண்டர்லதான் சார் பாத்திருக்கேன்! இதே தெருவுலதான் பொறந்தேன்."

"நீங்க பொறந்திருக்கலாம்மா. உங்க முடி இங்க பொறக்கலையே," என்றார் அதிகாரி, வழுக்கையைத் தடவியபடி.

"கேன் தண்ணி அந்த மலைலேருந்துதானே சார் வருது! இங்க குழாய் இல்லாமத்தானே அதைக் குடிக்கிறேன்?"

"அப்ப குழாய்த் தண்ணி குடிச்சு, உள்ளூர் முடி வளத்துட்டு வாங்க. அன்னிக்கே குழாய் குடுத்துடறேன்."

ஊரே முடி கொடுத்தது. ஊரே மலைப்பிரதேசமாகிப் போனது. தேறியவர் அதிகாரி ஒருவர்தான். சான்றிதழையும் மாதிரி முடியையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்.

தையல்காரம்மா நூலின் நிறம் பார்க்கும் கண்ணால் அதைப் பார்த்தாள்.

"சார், இது செம்பட்டையா இருக்கே. உங்களுக்குத்தான் ஒண்ணுமே..."

"சார் தலையில எடுக்க ஏதும்மா இருக்கு?" என்றார் உதவியாளர். "அவர் நாற்காலியில கெடந்ததை அனுப்பினோம்."

மேசைக்கடியில் ஒரு செம்பட்டை நாய் கொட்டாவி விட்டது. மத்தியான வேளைகளில் நாற்காலி அதனுடையது. அலுவலகக் குழாயின் கசிவைத் தவிர வேறு தண்ணீரை அது நக்கியதே இல்லை.

ஆணையைப் புரட்டினார்கள். உள்ளூர்வாசி என்றுதான் இருந்தது. எத்தனை கால் என்று இல்லை.

"அது எங்க வீட்டு நாய்தான் சார்," என்றாள் தையல்காரம்மா, நாக்குக் கூசாமல்.

'திருவாளர் நாய் மற்றும் அவரைச் சார்ந்தோர்' பெயரில் குழாய் வந்தது. திறந்ததும் இருமியது, செருமியது, துருநிறத்தில் கொஞ்சம் ஒழுகியது. அதை ஒரு கிண்ணத்தில் பிடித்து வைத்தாள். அவள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேன் தண்ணீரில் ருசி கண்டுவிட்ட நாய், முகர்ந்து பார்த்துவிட்டுக் கேன் பக்கம் போனது.

பதறிப்போய்க் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, இதுல வாய் வைக்காதடா! மறுபடி முடி எடுக்க வருவாங்க. இந்த ஊர்ல ஊர்க்காரன் நீ ஒருத்தன்தான்!"

சொல்லிவிட்டு, கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தாள்.