பத்து வருடமாக ஏறாத சூடு

செய்தித்தாளைப் பிரித்ததும் வானிலை நிலைய அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் பக்கத்தில் அவர் படம். கீழே கொட்டை எழுத்தில், ‘பூமி சூடாவது நின்றுவிட்டது: அதிகாரி ஒப்புதல்.’

அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. தங்கள் நிலையத்தில் மதிய வெப்பம் பத்து வருடமாக ஏறவே இல்லை என்று மச்சினனிடம் பேச்சுவாக்கில் சொன்னார், அவ்வளவுதான். மச்சினன் நிருபர்.

“சொன்னதைத்தானே போட்டேன், அத்தான்” என்றான் அவன்.

உடனே மறுப்பு எழுதிக் கொடுத்தார். ஓரிடத்தில் சூடு ஏறாததால் புவி வெப்பக் கோட்பாடே பொய்யாகிவிடாது, சூட்டைக் கடல்கூட வாங்கியிருக்கலாம் என்று விளக்கினார். மறுநாள், ‘கடலுக்குள் பதுங்கியிருக்கும் சூடு: அதிகாரி பகீர் தகவல்’ என்று வந்தது. மீன்பிடிக்கிறவர்கள் நாற்பது பேர் வாசலில் வந்து நின்று, கடல் எப்போது கொதிக்கும் என்று கேட்டார்கள்.

படித்தவர்கள் பேசினால் அடங்கும் என்று இரண்டு பேராசிரியர்களை வரவழைத்தார். கோட்பாட்டையே தலைமுழுக வேண்டியதுதான் என்றார் ஒருவர். ஓடுகிறவன் மூச்சு வாங்க நின்றால் ஓட்டம் முடிந்ததாகிவிடுமா என்று சீறினார் மற்றவர். அரை மணி நேரத்தில் ஒருவர் கையில் மற்றவரின் சட்டைப் பித்தான் இருந்தது.

பிரித்துவிடப் போன அதிகாரியை இருவரும் ஒருசேரப் பிடித்துக்கொண்டார்கள். “உங்க கணக்கு சரியானதுதானா?”

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஒரு புள்ளி தப்பிருந்தாலும் வேலையை விட்டுடறேன்” என்று எழுதிக் கையெழுத்தே போட்டார். செய்தி சேகரிக்க வந்திருந்த மச்சினன் அதைப் படம் எடுத்துக்கொண்டான்.

சாட்சிக்கு, நிலையத்தின் பதிவு ஊழியரைக் கூப்பிட்டார். தினமும் மதியம் இரண்டு மணிக்கு மைதானத்தின் கோடிவரை நடந்துபோய் வெப்பமானியைப் பார்த்து எழுதுகிறவர் அந்தப் பெரியவர்தான்.

“ஒருநாள்கூட விடாம எழுதினீங்கல்ல? இவங்ககிட்ட சொல்லுங்க.”

“விட்டதே இல்ல சார்” என்றார் பெரியவர். “ஆனா வருஷத்துக்கு வருஷம் வெயில் கொளுத்துது, அவ்வளவு தூரம் நடக்க முடியல. அதான் பத்து வருஷமா, போன வருஷ நோட்டைப் பாத்து எழுதிடறேன்.”