ஆபரேஷன் அறை வாசலில் நான் வாயைத் திறந்தது

மதிப்பிற்குரிய பெரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு, உங்களிடம் தலை, கழுத்துப் புற்றுநோய் ஆபரேஷன் கற்றுக்கொள்ளும் டாக்டரம்மாவின் பாட்டி, ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நீங்களும் உங்கள் குடும்பமும் உங்கள் பத்து விரல்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நடந்ததற்கு என் பேத்தி பொறுப்பில்லை ஐயா, எல்லாம் என் வாய். இரண்டு வருஷமாக உங்கள் எதிரே, வெட்டின தோலை விலக்கிப் பிடிக்கிற கொக்கியைப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள். நீங்கள் கழுத்தைத் திறந்து, கட்டியை எடுத்து, நரம்பைக் காப்பாற்றிவிட்டு, "தோலைத் தைச்சிடும்மா" என்று டீ குடிக்கப் போய்விடுவீர்களாம். அவள் வீட்டுக்கு வந்து தலையணை உறைகளைத் தைத்துப் பழகுகிறாள். என் உறையில் இப்போது தலையணையை நுழைக்க வழியே இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் ஓடி வந்து, "பாட்டி, நாளைக்குக் கழுத்துப் பக்கம் முழுக்க வெட்டப்போறது நான்தான்! சார் பக்கத்துல நின்னு பார்த்துக்குவார்" என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் அந்தச் சந்தோஷத்தில் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனாள். கொடுக்கலாம் என்று எடுத்துக்கொண்டு வந்தேன். ஆபரேஷன் அறை வாசல் பெஞ்சில் ஒரு அம்மா அழுதுகொண்டிருந்தது. பஸ் டிரைவரின் மனைவியாம்.

"அவருக்கு நாக்குல கட்டி, கழுத்துக்கும் இறங்கிடுச்சாம்" என்றது.

ஆறுதல் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "அழாதம்மா, கழுத்தை என் பேத்திதான் பார்க்கப் போறா. இன்னைக்குத்தான் முதல் முதலா அவ கையில கத்தியைக் குடுக்கிறாங்க! பாரு, அவசரத்துல கண்ணாடியைக்கூட மறந்துட்டா" என்று தூக்கியும் காட்டினேன்.

"முதல் தடவையா? கண்ணும் தெரியாதா?" என்று அந்த அம்மா கதவைத் தட்டிய தட்டில் நீங்களே வெளியே வந்தீர்கள். "நீங்க மட்டும் தொடுறதுன்னா தொடுங்க. இல்லேன்னா என் மனுஷனை இப்படியே அனுப்பிடுங்க!"

நீங்களே செய்தீர்கள். பேத்தி மறுபடி கொக்கி. வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவே இல்லை. "பரவால்ல பாட்டி, விடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. அந்த அம்மாவை நீங்கள் முதல் நாளே உட்கார வைத்து, "இவ வெட்டுவா, நான் பக்கத்துலயே நிப்பேன், என் கண் இவ கையை விட்டு நகராது" என்று சொல்லியிருக்க வேண்டாமா? கண்ணாடியும் கையுமாக ஒரு கிழவி சொல்லியா தெரியணும்? எந்தப் பிள்ளைக்கு எப்போது எதைக் கொடுப்பது என்று ஒரு முறையும் வையுங்கள். இப்போது உங்களுக்கு மனசு வந்தால்தான் உண்டாமே. படிப்பை முடித்துப் போகிற பையன்கூடத் தனியாக ஒரு நரம்பைத் தேடிக் காப்பாற்றியதில்லையாம். உங்களுக்குப் பிறகு யார் வெட்டுவது? நீங்கள் முதலில் வெட்டிய கழுத்து யாருடையதோ, அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். என் பேத்திக்கு இன்னொரு தடவை கொடுங்கள் ஐயா. பாட்டியின் வாய்க்கு அவளைத் தண்டிக்காதீர்கள்.

உங்கள் கை நடுங்காமல் நூறு வயசு இருக்க ஆசீர்வதிக்கும்,
பாட்டி

பின்குறிப்பு: என் காதுக்குக் கீழேயும் ஒரு கட்டி இருக்கிறது. நேற்றுப் பேத்திதான் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். வியாழக்கிழமை உங்களிடம் கூட்டி வருகிறாள். வெட்ட வேண்டும் என்றால் தயவுசெய்து நீங்களே வெட்டுங்கள், படிக்கிற பிள்ளைகள் யாரும் கிட்டே வர வேண்டாம். பஸ் டிரைவர் மனைவியை நான் இனிக் குறை சொல்ல மாட்டேன். இதைப் பேத்தியிடம் சொல்லிவிடாதீர்கள். இந்தத் தடவை நானும் யாரிடமும் சொல்ல மாட்டேன்.